குயில்ட் டிசைன், நிறத் தேர்வு: உங்களுக்கு யோசனை எங்கிருந்து கிடைக்கிறது?

தையல்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். மகள் வேலைக்காக வெளியூர் போகிறாள். கையோடு எடுத்துப்போக ஒரு குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கிற போர்வை, தைத்துக் கொடுக்க ஆசை. மெஷின் இருக்கிறது, நேராகத் தைக்க வரும், உள்ளே வைக்கிற பஞ்சு விரிப்பு, பேட்டிங் வரை வாங்கி வைத்துவிட்டேன். அவளுடைய சின்ன வயது உடைகள், அவள் அப்பாவின் பழைய சட்டைகள், இத்தனை வருடம் தைத்து மிஞ்சிய துண்டுகள் என்று 43 துணிகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் பருத்தி. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கியாயிற்று.

அதற்குமேல் கை ஓடவில்லை. மூன்று வாரமாகிறது. போனில் 200 படங்களுக்குமேல் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. ஆனால் என் துணிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் ஒத்துவரவில்லை. படத்தில் இருக்கிற பாசிப்பச்சை என்னிடம் இல்லை. என்னிடம் நிறைய இருக்கிற கடுகு மஞ்சளுக்கு அந்தப் படங்களில் இடம் இல்லை.

நீங்கள் முதலில் முடிவு செய்வது டிசைனையா, நிறத்தையா? எந்தத் துணிக்குப் பக்கத்தில் எது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டமுடியாத துணிகள் என்பதால் பயமாக இருக்கிறது.

ஒன்பதுகட்டம்

வணக்கம் தோழி. வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். 43 துணிகளையும் ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் விரல் அகலத்துக்குத் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்குங்கள். போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்.

குயில்டில் டிசைனைக் காட்டுவது நிறத்தைவிட வெளிர், அடர் வித்தியாசம்தான். நானும் முதல் இரண்டு குயில்ட் தைத்து முடித்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், பளிச்சென்று தெரியும் என்று நம்பி ஒரு நட்சத்திரம் தைத்தேன். கையில் வைத்துப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. கட்டிலில் விரித்து வாசலில் நின்று பார்த்தால் நட்சத்திரத்தைக் காணவில்லை. இரண்டும் ஒரே அடர்த்தி. கறுப்பு வெள்ளைப் படத்தில் முழுக்க ஒரே சாம்பல்.

நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்து துணிகளை வெளிர், நடு, அடர் என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள். எந்த அடுக்கில் எத்தனை என்று இங்கே சொல்லுங்கள். எந்த பிளாக் (பல துண்டுகளை இணைத்துத் தைக்கிற ஒரு சதுரம், இவற்றைச் சேர்த்துத்தான் குயில்ட்) தைக்கலாம் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

மீன்கொத்தி

நான் எப்போதும் ஒரு படத்திலிருந்துதான் தொடங்குவேன், ஆனால் அது குயில்ட் படமாக இருக்காது. இன்னொருவர் தைத்த குயில்டைப் பார்த்தால் அவர் எடுத்த முடிவுகள் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். பறவை, பாறை, பழைய கதவு என்று எதையாவது பார்த்தால் முடிவு எடுக்கிற வேலை நம்முடையதாகும்.

என் பெயருக்குக் காரணமான பறவையையே சொல்கிறேன். வெண்மார்பு மீன்கொத்தி. முதுகும் இறக்கையும் வாலும் பளீர் நீலம், தலையும் வயிறும் மரப்பட்டைப் பழுப்பு, தொண்டையிலும் மார்பிலும் வெள்ளை, அலகு மட்டும் நல்ல சிவப்பு. இந்த நான்கையும் ஆளுக்குக் கால்பங்கு எடுத்து ஒரு குயில்ட் தைத்தேன். ஏதோ கொடி மாதிரி வந்தது, மீன்கொத்தி வரவில்லை. அப்புறம் படத்தைத் திரும்ப எடுத்து, மேலே கட்டம் போட்டு எண்ணினேன். நீலம் பாதிக்குக் கிட்டே, பழுப்பு மூன்றில் ஒரு பங்கு போல, மீதியில் பெரும்பகுதி வெள்ளை. சிவப்பு நூற்றில் மூன்று நான்கு கட்டம்கூட இல்லை. அடுத்த குயில்டில் சிவப்பை எட்டே எட்டு சின்ன முக்கோணமாக வைத்தேன். அந்த எட்டும்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது.

அதனால் படத்திலிருந்து நிறத்தை எடுக்கும்போது அளவையும் சேர்த்து எடுங்கள். உங்கள் கடுகு மஞ்சள் நிறைய இருக்கிறது என்பதற்காக நிறையப் போடவேண்டும் என்று இல்லை. மஞ்சள் கொஞ்சமாக இருந்தாலே போதும், கூட்டத்தில் குரல் கேட்கும்.

பழந்துணி

மீன்கொத்தி சொல்வது புதுத்துணி வாங்கித் தைப்பவர்களுக்குச் சரி. தையல்பெட்டியின் நிலைமை வேறு என்று நினைக்கிறேன். அவரிடம் 43 துணிகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொன்றும் யார் உடுத்தியது என்பதும் தெரியும். ஒரு பறவையின் நிறத்துக்காக அவர் கணவரின் சட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அங்குள்ள பெண்கள் கிடைத்த துணியில் தைத்த குயில்ட்கள் 2002-இல் அருங்காட்சியகச் சுவர்களுக்கு வந்தன. அதில் ஒன்றை மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942-இல் தைத்தார். கணவர் இறந்ததும், அவர் உடுத்திய வேலை உடைகளைப் பிரித்துத் தைத்த குயில்ட் அது. நீலம், சாம்பல், வெளுத்த வெள்ளை, நடுநடுவே மங்கிய சிவப்பு. நிறம் தேர்ந்தெடுக்க வழியே இல்லாத நிலையில் தைத்தது. அதன் முன்னால் எந்த வண்ணச் சக்கரத்தையும் வைத்துப் பேச எனக்குத் தோன்றாது.

அந்த ஊர் வேலை உடைக் குயில்ட்களில் நான் மணிக்கணக்காகப் பார்ப்பது ஒரு சின்ன விஷயம். கால்சட்டையிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் துணி வெயில் படாமல் அடர் நீலமாகவே இருக்கிறது. சுற்றிலும் வெளுத்த நீலம், நடுவில் பாக்கெட் வடிவத்தில் ஓர் அடர் நீலக் கட்டம். அதை யாரும் வரைந்து வைக்கவில்லை. துணியே கொடுத்த டிசைன்.

தோழி, சட்டைகளை நன்றாகப் பாருங்கள். காலருக்கு அடியில், பாக்கெட்டுக்குப் பின்னால், பட்டன் பட்டியின் உள்பக்கம். ஒரே சட்டையில் இரண்டு மூன்று அடர்த்தி கிடைக்கும்.

மீன்கொத்தி

பழந்துணி, ஒப்புக்கொள்கிறேன். சட்டையை ஒதுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்து மூன்று வாரம் போயிருக்கிறது. வெளியிலிருந்து ஒன்று வந்து இதை இவ்வளவு என்று சொன்னால்தான் சிலருக்குக் கை ஓடும், நானும் அப்படித்தான்.

தையல்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. பாக்கெட் விஷயத்தைப் படித்ததும் எழுந்துபோய் ஒரு சட்டையைப் பிரித்தேன். இங்க் நீலச் சட்டை, அவர் பத்து வருடமாவது போட்டிருப்பார். பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த துணி கடையில் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதுகட்டம் சொன்னபடி கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்தேன். வெளிர் 13, அடர் 16, நடு 14. அடர் என்று நான் நினைத்த செங்கல் சிவப்புக் கட்டம்போட்ட துணி நடுவில் போய் உட்கார்ந்தது. கிளிப்பச்சையும் வெங்காயத்தோல் நிறமும் படத்தில் பிரித்தே சொல்லமுடியவில்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டன. இத்தனை நாள் இவற்றை எதிரெதிர் என்று நினைத்துத் தனித்தனி மூலையில் வைத்திருந்தேன்.

ஒன்பதுகட்டம்

13-ம் 16-ம் அருமையான கணக்கு. லாக் கேபின் தையுங்கள். வெளிர், அடர் வித்தியாசத்தை மட்டும் நம்பி நிற்கிற பிளாக் அது, துணி எத்தனை வகை இருந்தாலும் தாங்கும்.

நடுவில் ஒரு சின்ன சதுரம். அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைத்துக்கொண்டே போகவேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். முடித்ததும் பிளாக் குறுக்கே இரண்டாகப் பிரிந்த மாதிரி இருக்கும், ஒரு பாதி வெயில், ஒரு பாதி நிழல். எல்லா பிளாக்கையும் தைத்து முடித்தபிறகு அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்தே முழு டிசைனும் அமைக்கலாம். அதே பிளாக்குகள் ஒரு விதமாக வைத்தால் சாய்வு வரப்புகள், இன்னொரு விதமாக வைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள். அதனால் இன்றைக்கே டிசைனை முடிவு செய்யத் தேவையில்லை, கடைசி நாள் தரையில் பரப்பி முடிவு செய்துகொள்ளலாம்.

அளவு: நடுச் சதுரத்தை 2 அங்குலமாக வெட்டுங்கள், பட்டைகளை ஒன்றரை அங்குல அகலத்தில். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம். மூன்று சுற்று வந்தால் பிளாக் ஏழரை அங்குலத்தில் முடியும். வரிசைக்கு 6 வீதம் 8 வரிசை, மொத்தம் 48 பிளாக். 45-க்கு 60 அங்குலம், ஒருவர் போர்த்திக்கொள்ளப் போதும். பிளாக்குக்கு 12 பட்டை என்பதால் வெளிர் 288, அடர் 288 வேண்டும். கேட்க நிறையத் தெரிந்தாலும் ஒரு சட்டையின் முதுகுப் பக்கத்திலேயே ஏகப்பட்ட பட்டை கிடைக்கும்.

முதலில் நான்கே பிளாக் தைத்துப் பாருங்கள், முழுக்க வெட்டிவிடாதீர்கள்.

சிறுபூ

நடுவில் வருகிறேன், பூப்போட்ட துணிகளை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளங்கை அளவுப் பூ இருக்கிற துணியை ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டினால் பூ போய்விடும். ஒரு பட்டையில் இதழின் சிவப்பு மட்டும் வரும், அடுத்ததில் இலை, அடுத்ததில் வெறும் வெள்ளை. ஒரே துணி மூன்று அடுக்கிலும் வந்து நிற்கும். பெரிய பூக்களைப் பின்பக்கத் துணிக்கு முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். மிளகு அளவுச் சின்னப் பூக்கள் எட்ட நின்று பார்த்தால் ஒரே நிறமாகத்தான் தெரியும், தைரியமாக வெட்டலாம்.

இன்னொன்று, ஒரே கம்பெனி ஒரே தொகுப்பாகப் போடுகிற துணிகளில் மட்டும் தைத்த குயில்ட் எனக்கு உயிரில்லாமல் தெரிகிறது. எல்லாம் பொருந்திப்போகும், கண் எங்கேயும் நிற்காது. உங்கள் 43 அந்த விஷயத்தில் பெரிய சொத்து.

தையல்பெட்டி

நான்கு நாளில் நான்கு பிளாக் தைத்தேன். பேட்டிங்கைச் சுவரில் தொங்கவிட்டால் பருத்தித் துண்டுகள் ஊசி குத்தாமலே ஒட்டிக்கொள்கின்றன, அதில் ஒட்டி வைத்து எட்ட நின்று பார்த்தேன்.

இரண்டு விஷயம் இடிக்கிறது. கடுகு மஞ்சளை வெளிர்ப் பக்கம் சேர்த்தேன். சந்தன நிறத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் அது அழுக்குப் பட்ட மாதிரி தெரிகிறது. செங்கல் சிவப்பை அடர்ப் பக்கம் வைத்த இடத்தில் வெயில், நிழல் கோடு உடைந்துபோகிறது.

இன்னொன்று எனக்குப் புரியவில்லை. என்னிடம் ஒரு சாதாரண சாம்பல் துணி இருக்கிறது. கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் தைத்த பிளாக்கில் அது லேசாகக் கத்தரிப்பூ நிறம் ஏறின மாதிரி இருக்கிறது. மற்ற பிளாக்கில் வெறும் சாம்பல். ஒரே துணியிலிருந்து வெட்டியதுதான், சாயம் இறங்கவும் இல்லை.

சாயத்தொட்டி

சாம்பலைப் பற்றி நான் சொல்கிறேன், சாயம் போடுவதுதான் என் வேலை.

உங்கள் துணி மாறவில்லை, கண் அப்படித்தான் பார்க்கும். மஞ்சளைப் பார்க்கிற கண் அதன் பக்கத்தில் இருப்பதில் மஞ்சளுக்கு எதிர் நிறத்தை ஏற்றிக் காட்டும். மஞ்சளுக்கு எதிரில் நிற்பது ஊதா. சாம்பலுக்குத் தனக்கென்று நிறம் இல்லாததால் அதில் இது நன்றாகத் தெரிகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் துணிக்காரர்களுடையதுதான். பாரிஸில் கோப்ளின் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம். மிஷேல் எஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு இடத்து கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்திருந்தார்கள், அதனால் சோர்ந்து தெரிந்தது. பக்கத்து நிறம் என்ன செய்யும் என்பதைப் பல வருடம் சோதித்து 1839-இல் புத்தகமாகவே வெளியிட்டார்.

எங்கள் தொழிலில் இது தினசரி விஷயம். சாயம் சரியில்லை என்று திரும்பிவருகிற துணியைத் தனியாக ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினாலே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

அதனால் துணியைத் தனியாகப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். எதன் பக்கத்தில் தைக்கப்போகிறீர்களோ அதன்மேல் வைத்து, பட்டை அளவுக்கு மட்டும் வெளியே தெரியும்படி மடித்துப் பாருங்கள். கடுகு மஞ்சளைச் சந்தனத்தின்மேல் வைத்தால் அழுக்காகத் தெரியும். அதையே இங்க் நீலத்தின்மேல் வையுங்கள், விளக்கு ஏற்றின மாதிரி இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள் என்று ஒன்பதுகட்டம் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். பல்பு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கறுப்பில் வெயிலில் ஒன்று காவியாகவும் ஒன்று நீலமாகவும் இழுக்கும். அப்புறம் அந்தச் செங்கல் சிவப்பு: ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். கறை பிடித்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் வெட்டவேண்டும்.

ஒன்பதுகட்டம்

சிவப்பு இடிப்பதற்குக் காரணம் அது நடு அடுக்குத் துணி. நடுத்தரம் தனியாக ஒன்றும் இல்லை, வெள்ளைக்குப் பக்கத்தில் அடர், கருநீலத்துக்குப் பக்கத்தில் வெளிர். அடர்ப் பக்கத்தில் அதை வெளிச்சுற்றில் போட்டால் கோடு உடையும். நடுச் சதுரத்தை ஒட்டிய முதல் சுற்றில் போடுங்கள், அங்கே பட்டை சின்னது, கெடுதல் தெரியாது. 14 நடுத் துணிகளையும் அப்படி முதல் சுற்றுக்கு ஒதுக்கிவிடலாம்.

கடுகு மஞ்சளுக்கு இடம் நடுச் சதுரம். பழைய லாக் கேபின்களில் நடுவில் சிவப்பு வைப்பது வழக்கம், வீட்டு அடுப்பின் நெருப்பு என்று சொல்வார்கள். உங்களுக்கு நெருப்பு மஞ்சளாக இருக்கட்டும். ஜன்னலில் விளக்கு தெரிகிற மாதிரி 48 சதுரம்.

மீன்கொத்தி

48 சதுரம், ஒவ்வொன்றும் தைத்தபின் ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தப் பரப்பில் நூற்றுக்கு நான்கு. என் பறவையின் அலகுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு!

பழந்துணி

எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். எந்தப் பட்டைக்கு அடுத்து எது என்று 576 பட்டைக்கும் திட்டம் போடவேண்டாம். கர்நாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு குயில்ட் தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுக்குமேல் துண்டாக வைத்து, ஓட்டத் தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முழுசாக வரைந்து வைத்துத் தைக்கிற முறை அது இல்லை, முன்னால் வைத்த துண்டைப் பார்த்துத்தான் அடுத்த துண்டு. கடைசியில் நான்கு மூலையிலும் சின்னதாக மடித்த துணியைப் பூ மாதிரி வைத்துத் தைப்பார்கள். அது இல்லாமல் கவந்தி முடியாது.

நீங்களும் வெளிர்ப் பட்டை எல்லாம் ஒரு பையில், அடர்ப் பட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வருவதைத் தையுங்கள். ஒரே துணி அடுத்தடுத்து வந்தால் மட்டும் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

தையல்பெட்டி

மூன்று நாளாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பை அலசினேன், மூன்றாவது தண்ணீரில் தெளிந்துவிட்டது. இரண்டு பை நிரம்பிவிட்டன, முதல் சுற்றுக்கான நடுத் துணிகள் தனியாக ஒரு டப்பாவில்.

நேற்று மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையில் கைவிட்டு ஒவ்வொரு பட்டையாக எடுத்து, இது என்ன, இது எப்போது போட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கடுகு மஞ்சள் அவள் மூன்று வயதில் போட்ட கவுன், அவளுக்கு நினைவில்லை. எதிர்பார்க்காத வேலை ஒன்று செய்தாள். பாக்கெட் பிரித்த அந்த நீலத் துணியை எடுத்துவைத்து, இதைப் பட்டையாக வெட்டாதே என்று சொல்லிவிட்டாள். அடர்க் கட்டம் நடுவில் வருகிற மாதிரி எட்டு அங்குலத்தில் வெட்டி, ஒரு முழு பிளாக்காக அப்படியே வைக்கப்போகிறேன். அப்போது லாக் கேபின் 47.

அதை எங்கே வைப்பது என்று மட்டும் முடிவாகவில்லை. நடுவிலா, கீழ் மூலையிலா?

பழந்துணி

மூலையில் வையுங்கள். போர்த்திக்கொள்ளும்போது கையில் பிடிக்கிற மூலை.